கிலோமீட்டருக்கு எத்தனை காசு? கடலூர் – பாண்டி தினசரிக் கணக்கு

2024 ஏப்ரல் 5, வாசகர் கேள்வி

அண்ணா, வீடு திருப்பாப்புலியூர், வேலை பாண்டியில். மச்சான் பிரான்சில் ப்ளக்-இன் ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறார், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது. ராத்திரி வீட்டில் ப்ளக் போட்டால் போதும், பங்க் பக்கமே போவதில்லை என்று போன் பண்ணும்போதெல்லாம் பீற்றிக்கொள்கிறார். நானும் ஹைப்ரிட் வாங்கலாம் என்று இருக்கிறேன். நீங்களும் தினம் பாண்டி போய் வருகிறவர். கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும்? உள்ளதைச் சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 6

மச்சான் வண்டி வேறு, நம் ஷோரூமில் ஹைப்ரிட் என்று நிற்கிற வண்டி வேறு, தம்பி. கிராண்ட் விட்டாரா, ஹைகிராஸ் மாதிரி வண்டிகளில் ப்ளக் சொருக இடமே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது கிடைப்பதையும் எஞ்சின் சுற்றித் தருவதையும் சின்ன பேட்டரியில் சேர்த்துவைத்து, டவுனுக்குள் மோட்டாரில் நகரும். மைலேஜ் நன்றாகவே வரும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "தானாகவே சார்ஜ் ஆயிடும் சார்" என்று விற்பவர் சொன்னால், பெட்ரோலில் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.

மச்சானுடையது சுவரிலிருந்து மின்சாரம் ஏற்றுகிற ரகம். ஐம்பது அறுபது கிலோமீட்டர் மோட்டாரிலேயே போகும், தீர்ந்தால் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். அந்த ரகம் இங்கே கோடியை ஒட்டியும் அதற்கு மேலும் விலை போட்ட சொகுசு வண்டிகளில்தான் இருக்கிறது. நமக்கு ஆகாது.

நான் செய்தது என்னவென்றால், வீட்டையே ப்ளக்-இன் ஹைப்ரிட் ஆக்கிவிட்டேன். போர்ட்டிகோவில் 24 யூனிட் பேட்டரி போட்ட சின்ன எலக்ட்ரிக் கார், பிப்ரவரி 20ஆம் தேதி எடுத்தது. பக்கத்துச் சந்தில் பத்து வருஷத்துப் பெட்ரோல் வண்டி, சென்னைக்கும் கும்பகோணத்துக்கும். பேட்டரி ஒரு உடம்பில், எஞ்சின் இன்னொரு உடம்பில்.

கணக்கு இதுதான். மஞ்சக்குப்பம் வீட்டிலிருந்து உருளையன்பேட்டை ஆபீஸ் போக வர 46 கிலோமீட்டர். 24 யூனிட்டில் நிஜமாக 200 கிலோமீட்டர் வருகிறது, அதாவது கிலோமீட்டருக்கு 0.12 யூனிட். யூனிட் நாலரை ரூபாய். 54 காசு.

பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது. எல்லை தாண்டி கன்னியக்கோயிலில் போட்டாலே லிட்டர் 94 சொச்சம். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 90 காசு. கரண்ட் செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 7

பெட்ரோல் போடுவதற்கென்றே மஞ்சக்குப்பத்திலிருந்து எல்லை தாண்டி, விலை குறைவான பாண்டிப் பக்கத்து முள்ளோடை போய் வருகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போக வர இருபது கிலோமீட்டர் என்று வையுங்கள், ஒன்றேகால் லிட்டர் வழியிலேயே போச்சு, 120 ரூபாய். முப்பது லிட்டர் போட்டு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் மிச்சம் பிடித்தால் 220. கையில் நிற்பது நூறு ரூபாய். அந்தப் பக்கம் போன நூறு ரூபாய் பத்திரமாகத் திரும்பி வருமா என்பது அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது.

2024 ஏப்ரல் 10

வயரிங் செலவைச் சொல்ல மறந்துவிட்டேன். வண்டி வந்த முதல் வாரம், மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய 15 ஆம்ப் சாக்கெட்டில் போட்டேன். கிரைண்டருக்காகப் பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்தது. மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. மறுநாள் கழற்றினால் சாக்கெட்டின் பின்பக்கம் ஒரு ஓரம் பழுப்பாகி உருகியிருக்கிறது. கிரைண்டர் அரை மணி ஓடி நிற்கும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். இழுக்கிற ஆம்பும் கூட, சாக்கெட்டுக்கு இடைவேளையும் கிடையாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் செம்பு வயர் இழுத்தார். தனி எம்சிபி சுவிட்ச், கனமான சாக்கெட், கொல்லையில் புதிதாக எர்த் குழி. குழிக்குள் உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா செய்வினை வெக்கிறீங்க" என்றார். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து எண்ணூறு. காருக்கு மட்டும் ஒரு குட்டி மீட்டரும் மாட்டச் சொன்னேன். இந்த மொத்த விவகாரத்திலும் உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் அது.

2024 ஏப்ரல் 21

6ஆம் தேதி எழுதிய 54 காசை அடித்துவிடுங்கள். தப்பு என்னுடையது.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், கரண்ட் பில்லை மனைவி முன்னால் வைத்தார். 666 யூனிட், 3,344 ரூபாய். போன வருஷம் இதே இரண்டு மாதத்துக்கு 380 யூனிட், 1,035 ரூபாய். "உங்க அம்பத்து நாலு காசு எங்கே?" என்று ஒரே கேள்வி.

விஷயம் இது. நாலரை ரூபாய் என்று நான் எடுத்தது என் வீடு வழக்கமாக நிற்கிற கட்டணப் படி (ஸ்லாப்). கார் அந்தப் படியில் ஏறவில்லை. வீடு ஏறி நின்ற பிறகு அதற்கு மேலே ஏறுகிறது. இங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த நூறு 2.25தான். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய், 101லிருந்தே 4.50 போடுவார்கள். அங்கேயே 225 ரூபாய் காலி. அதற்கு மேல் 600 வரை எட்டு ரூபாய், பிறகு ஒன்பது.

குட்டி மீட்டர் காட்டியது 286 யூனிட், ஓடியது 2,200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 0.12 இல்லை, 0.13. பேட்டரிக்குள் 24 போக வேண்டுமென்றால் சுவரிலிருந்து 26 இழுக்கிறது, மிச்சம் சார்ஜர் சூட்டில் போகிறது. அந்த 286க்காக பில்லில் கூடியது 2,309 ரூபாய். யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 5 காசு.

அதாவது நான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. பெட்ரோலோடு பார்த்தால் இன்னும் சுமார் ஆறில் ஒரு பங்குதான், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்குப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் சராசரி விலையையும் கூடுதல் யூனிட்டின் விலையையும் குழப்பிக்கொண்டேன் என்பதை ஆபீசில் சொல்லிவிடாதீர்கள்.

2024 ஏப்ரல் 22

சொல்லிவிட்டீர்கள் போல.

2024 மே 13

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒன்பது நாள். நேற்று ராத்திரி ப்ளக் போட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. கழற்றிப் போட்டேன், சிவப்பு. எம்சிபியை இறக்கி ஏற்றினேன், சிவப்பு. பத்தாயிரமோ இருபதாயிரமோ என்று வயிறு கலங்க எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டால் அவர் தூக்கக் கலக்கத்தில், "எர்த் குழிக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ராத்திரி பதினொன்றரைக்கு லுங்கியோடு கொல்லையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கால் மணியில் பச்சை. மண் காய்ந்து போனால் எர்த் கிடைக்காது, எர்த் கிடைக்காவிட்டால் சார்ஜர் ஏற்ற மறுக்கும்.

துளசிக்கு ஊற்றுகிற அம்மா, இன்று காலையிலிருந்து குழிக்கும் ஒரு செம்பு ஊற்றுகிறார். பராமரிப்புச் செலவு: சுழியம்.

2024 ஜூன் 22

கோடைக் கணக்கு வந்துவிட்டது. ஏசி இரண்டு அறையிலும் ஓடியதில் வீடு மட்டுமே 620 யூனிட். கார் 300, ஏனென்றால் காருக்குள்ளும் ஏசி. கிலோமீட்டர் அதே 2,200. மொத்தம் 920, பில் 5,750. கார் இல்லாமல் 620க்கு 2,930 வந்திருக்கும். வித்தியாசம் 2,820. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 28 காசு.

ஒரே கார், ஒரே ரோடு. படுக்கையறை ஏசி ஓடினால் கார் ஓட்டுகிற செலவு ஏறுகிறது. "அப்போ கார்தான் ஏசி பில்ல ஏத்துதுன்னு ஏன் சொல்லக் கூடாது?" என்று மனைவி கேட்கிறார். யார் முதலில் ஏறினார்கள் என்பதைப் பொறுத்தது. ஏசிதான் வீட்டுக்கு முன்னால் வந்தது என்கிறார். பதில் இல்லை.

ராத்திரி போட்டால் மலிவா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பிரான்சில் வீட்டுக்கே இரவு விலை என்று ஒன்று உண்டு, அதை வாங்கிக்கொண்டால் எட்டு மணி நேரம் யூனிட் விலை குறைவு. மச்சான்கள் அதில்தான் ஏற்றுவார்கள். நம்மூர் வீட்டு இணைப்பில் பகலும் ராத்திரியும் ஒரே விலை. நான் ராத்திரி போடுவது பகலில் கார் வீட்டில் இல்லாததால்.

2024 ஜூலை 16

நேற்று மின்கட்டணம் ஏற்றினார்கள், 4.83 சதவீதம், முன்தேதியிட்டு 1ஆம் தேதியிலிருந்து. 500 யூனிட்டுக்கு 1,725 இருந்தது 1,805 ஆகிறது. என் ஏப்ரல் பில்லைப் புது விலையில் போட்டுப் பார்த்தேன்: 1.05 என்பது 1.10. ஐந்து காசுதான். பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு ஆறு காசு.

2024 ஆகஸ்ட் 11

"மாடி போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கே, அதில் காரைப் போடுங்க" என்று யோசனை சொன்னவருக்கு. கணக்காகப் பார்த்தால் பிரமாதம். காரின் 286 யூனிட்டில் நூறு இலவசம், அடுத்த நூறு 2.35, மிச்சம் 86க்கு 4.70. மொத்தம் 639 ரூபாய், கிலோமீட்டருக்கு 29 காசு. மாதம் ஒன்றுக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு மிச்சம்.

ஆனால் அந்த மீட்டர் குடியிருக்கிறவருக்கு உரியது. மாடியைப் பூட்டிவைத்து அதன் மீட்டரை நான் எடுத்துக்கொள்வது முறையுமல்ல, மாதம் ஏழாயிரம் வாடகையும் போகும். காரை மாடிக்குக் குடிவைத்தால் அது வாடகை தருமா?

சோலார் போடலாமே என்பவர்களுக்கு: 3 கிலோவாட்டுக்கு மத்திய மானியமே 78,000 கிடைக்கிறது, எனக்கும் ஆசைதான். மொட்டை மாடிக்கு அதிகாரி அம்மா. 2011 தானே புயலில் எங்கள் மாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு நாலு வீடு தள்ளிப் போய் விழுந்தது. அந்த வீட்டுக்காரரிடம் அம்மாதான் போய் மன்னிப்புக் கேட்டார். "இன்னொரு தடவ போய் நிக்க முடியாது" என்கிறார்.

2024 அக்டோபர் 20

சும்மா நிற்கிற வண்டிக்குச் செலவே இல்லை என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் வண்டியை ஐந்து வாரம் எடுக்கவில்லை. ஆயுதபூஜைக்குக் கழுவலாம் என்று பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் வைக்கோல், மாங்கொட்டை, யாருடைய கைக்குட்டையோ. எலி குடித்தனம் பண்ணியிருக்கிறது. இன்ஜெக்டருக்குப் போகிற வயர் நாலு கடித்து, ஒன்று செம்பு தெரிகிறது. 4,600 ரூபாய். அதற்கு முன்னாலேயே பேட்டரி இறங்கியிருந்தது, பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து வயர் போட்டுத்தான் கிளப்பினோம்.

இதை உங்கள் மச்சானிடம் கேளுங்கள் தம்பி. ப்ளக்-இன் வண்டியில் எஞ்சின் ஓடவே இல்லையென்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோலும் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கெட்டுப்போகும். இரண்டு வண்டிக்கு உண்டான பராமரிப்பை ஒரு வண்டிக்குள் வைத்திருக்கிறார். நான் இரண்டு வண்டியாகவே வைத்திருக்கிறேன். இன்சூரன்சும் எனக்கு இரண்டு. எலக்ட்ரிக்குக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி, ஹைப்ரிட்டுக்கு 7.5. ஆனால் சொந்தச் சேதப் பகுதியில் கார் விலைக்குத் தகுந்த மாதிரி வாங்கிவிடுகிறார்கள். சாலை வரி தமிழ்நாட்டில் எலக்ட்ரிக்குக்கு 2025 கடைசி வரை கிடையாது, அது பெரிய லாபம். ஜிஎஸ்டியும் இதற்கு 5, ஹைப்ரிட்டுக்கு செஸ் எல்லாம் சேர்த்து 43 வரை போகிறது.

எலக்ட்ரிக் கார் சர்வீஸில் இதுவரை ஆனது 2,100. ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக் பேடு புதுசு மாதிரியே இருக்கிறதாம்.

2024 நவம்பர் 3

மேலே சொன்ன கிலோமீட்டர் கணக்கில் ஒரு திருத்தம். தீபாவளிக்கு எலக்ட்ரிக் காரையே சென்னைக்கு எடுத்துப் போனோம், மகள் பிடிவாதம். வழியில் வேக சார்ஜரில் யூனிட் 18 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 21 ரூபாய் 24 காசு. நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டும் கூடச் சாப்பிடுகிறது. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாயை நெருங்கியது. காத்திருந்த நேரத்தில் சாப்பிட்ட இரண்டு காபி, மூன்று வடை, ஒரு பொம்மை கணக்கில் இல்லை. இனி சென்னைக்கு எஞ்சின்தான்.

2024 நவம்பர் 29

புயல் வருகிறது. காரில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டேன். பெட்ரோல் வண்டியிலும் முழு டேங்க். எல்லோரும் ஜாக்கிரதை.

2024 டிசம்பர் 8

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி ராத்திரி பாண்டிப் பக்கம் கரையேறியது, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் தப்பித்தோம் என்று மூச்சு விட்டால், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து சேர்ந்தது. 3ஆம் தேதி குண்டு உப்பலவாடியிலிருந்து சித்தி குடும்பத்தைக் கூட்டி வரப் பெட்ரோல் வண்டியில்தான் போனேன். ஓரளவு தண்ணீரில் எலக்ட்ரிக் வண்டியும் ஓடும், பேட்டரியை நீர் புகாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை சாவியை எடுக்கவில்லை. கடைசி அரை கிலோமீட்டர் இரண்டுமே ஆகாது, நடந்துதான் போனேன். முழங்கால் தண்ணீர். சித்தி தலையில் ரேஷன் அட்டைப் பையோடு நின்றார்.

கரண்ட் எங்கள் தெருவில் இரண்டு நாள் இல்லை. போர்ட்டிகோவில் நின்ற காரில் தெருவே வந்து போனுக்குச் சார்ஜ் போட்டது. ஒரு போனுக்குச் சுமார் 15 வாட் மணி. பேட்டரியில் ஒரு சதவீதம் 240 வாட் மணி, பதினாறு போன். நாற்பது போனுக்கு மேல் ஏற்றியும் குறைந்தது நாலே சதவீதம், அதிலும் ஒரு பங்கு வண்டியை ஆனில் வைத்திருந்ததால். எதிர்வீட்டுப் பெரியவர் எட்டு மாதமாக "கரண்ட் போனா என்ன பண்ணுவே" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், வயரை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள்.

2025 ஜனவரி 3

பாண்டியில் வாட் வரியை ஏற்றிவிட்டார்கள், 1ஆம் தேதி முதல் பெட்ரோல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட. இப்போது 96 சொச்சம், கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். முள்ளோடைப் பயணம் போகிறவர் தன் நூறு ரூபாயைத் திரும்பக் கணக்குப் பார்க்கவும். நாற்பது ஆகியிருக்கும்.

2025 ஜனவரி 19

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். பொங்கலுக்கு மச்சான் வந்திருந்தாராம். ரெட்டிச்சாவடி தாண்டும்போது மெல்ல விசாரித்தால், அவருக்கு ஆபீசில் பெட்ரோல் கார்டு உண்டாம். ப்ளக் போட்டு மூன்று வாரம் ஆகிறதாம். குளிரில் கேபிளைச் சுற்றி எடுத்து வைக்கக் கை விறைக்கிறதாம், ஹீட்டர் போட்டால் எஞ்சினும் கிளம்பிவிடுகிறதாம். பெட்ரோல் என்றால் கம்பெனி கணக்கு, கரண்ட் என்றால் சொந்தக் கணக்கு.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது: அங்கே ரோட்டில் ஓடுகிற ப்ளக்-இன் வண்டிகள் ஆய்வுக்கூடக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு புகை விடுகின்றன. முக்கியக் காரணம், அவர்கள் நினைத்த அளவுக்கு யாரும் ப்ளக் போடுவதில்லை. கண்டமே சோம்பல் படுகிறது. மச்சான் ஒருவர்தானா?

நான் ஒழுங்காகப் போடுகிறேன் என்றால் வேறு வழி இல்லை, அவ்வளவுதான். எனக்குள் எஞ்சின் கிடையாது.

2025 பிப்ரவரி 20

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். மனைவி எழுதச் சொன்னார்.

மழை, பொங்கல் விடுமுறை, வீட்டிலிருந்தே பார்த்த வேலை என்று இந்த இரண்டு மாதத்தில் கார் குறைவாக ஓடியது. 16ஆம் தேதி ஞாயிறு மீட்டரைப் பார்த்தால் இந்தப் பில்லுக்கு 488. செவ்வாய் ரீடிங். வீடு ஒரு நாளைக்கு ஐந்து யூனிட். காரைத் தொடாமல் விட்டால் 498ல் நிற்கும். கார் வந்த பிறகு முதல் தடவையாக 500க்குள்! சலுகை விலை 235 ரூபாய் என் கையில்!

திங்களும் செவ்வாயும் பெட்ரோல் வண்டியில் ஆபீஸ் போனேன். வாட்டர் ஹீட்டருக்குத் தடை. மகளை இஸ்திரிப் பெட்டியோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். செவ்வாய் காலை 497.

ரீடிங் எடுப்பவர் செவ்வாய் வரவில்லை. வீட்டில் விசேஷமாம். புதன் மதியம் வந்தார். 503.

அதோடு விட்டிருக்கலாம். மனைவி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இரண்டு நாள் 92 கிலோமீட்டர், ஐந்தே முக்கால் லிட்டர், 552 ரூபாய். கரண்டிலேயே போயிருந்தால் 12 யூனிட் 8.40 வீதம் நூறு ரூபாய், சலுகை போனது 235, மொத்தம் 335. அதாவது செவ்வாய்க்கிழமையே அவர் வந்து 498 என்று எழுதிப் போயிருந்தாலும் எனக்கு 217 ரூபாய் நஷ்டம்.

எலி குடித்தனம் பண்ணாமல் இருக்க வண்டியை எப்படியும் இரண்டு நாள் ஓட்டத்தானே வேண்டும் என்றேன். "அப்போ அத எலிக் கணக்குல எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.